பழைய டப்பாவில் ஓர் இயந்திரம்

மகாராஷ்டிர மாநிலத்தில் புனே நகரம் இருக்கிறது. புனேயின் வடமேற்குப் பக்கத்தில் ஔந்த் என்று ஓர் இடம் உண்டு. அதை ஒட்டி முளா ஆறு ஓடுகிறது. ஒரு காலத்தில் ஔந்த் ஒரு கிராமம். பிறகு நகரம் வளர்ந்தது. கிராமம் நகரத்துக்குள் வந்துவிட்டது. மாடி வீடுகள் வந்தன. கடைகள் வந்தன.

வீடுகள் பெருகினால் குப்பையும் பெருகும். பால் டப்பா, குளிர்பான டப்பா, உடைந்த பிளாஸ்டிக் பைப், பழைய சி.டி. தட்டு, சைக்கிள் கம்பி என்று தினமும் எத்தனையோ பொருள்கள் தெருவுக்கு வருகின்றன.

நமக்கு அது குப்பை. ஆனால் அதைப் பிரித்து எடுப்பவர்களுக்கு அது குப்பை அல்ல. அது பொருள். அந்தப் பொருளைக் கொண்டு ஓர் இயந்திரமே செய்யலாம். அதற்கு பெட்ரோல் வேண்டாம். மின்சாரம் வேண்டாம். ஒரு மெழுகுவத்தி போதும். அந்த இயந்திரத்தைப் பற்றித்தான் இந்தப் பாடம்.

பொருளை அறிந்தவர்கள்

புனே நகரத்தில் குப்பை பிரிக்கும் வேலையைப் பெரும்பாலும் பெண்கள் செய்கிறார்கள். 1990ஆம் ஆண்டு வாக்கில் எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்தின் முதியோர் கல்விப் பிரிவினர் இவர்களிடம் வந்தார்கள். எழுத்துச் சொல்லிக் கொடுக்க வந்தார்கள். பேசப் பேச, வேலையில் இருக்கும் கஷ்டங்களும் வெளியே வந்தன. எழுத்தோடு சேர்ந்து ஒற்றுமையும் வளர்ந்தது.

1993இல் ஒரு சங்கம் பிறந்தது. அதன் பெயர் ‘காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத்’. காகத் என்றால் காகிதம். காச் என்றால் கண்ணாடி. பத்ரா என்றால் தகரம். காகிதம், கண்ணாடி, தகரம் பொறுக்கி உழைப்பவர்களின் சங்கம் என்பது பொருள்.

இந்த வேலை செய்பவர்களுக்குப் பொருளைப் பற்றி நல்ல அறிவு உண்டு. ஒரு டப்பாவைக் கையில் எடுத்தாலே அது இரும்புத் தகரமா, அலுமினியமா என்று சொல்லிவிடுவார்கள். சந்தேகம் வந்தால் காந்தத்தை வைத்துப் பார்க்கலாம். இரும்புத் தகரத்தில் காந்தம் ஒட்டும். அலுமினியத்தில் ஒட்டாது. நம் இயந்திரத்துக்கும் இந்த அறிவு தேவை.

குப்பையிலிருந்து அறிவியல்

ஔந்துக்குப் பக்கத்தில் கணேஷ்கிண்ட் என்ற இடத்தில் புனே பல்கலைக்கழகம் இருக்கிறது. அதற்குச் சாவித்ரிபாய் பூலேயின் பெயரை வைத்திருக்கிறார்கள். 1848இல் புனேயில் பெண் பிள்ளைகளுக்காகப் பள்ளி நடத்தியவர் அவர்.

அந்த வளாகத்துக்குள் விண்ணைப் பற்றி ஆராயும் நிலையம் ஒன்று உண்டு. அதன் பெயர் ஐயூக்கா. அங்கே குழந்தைகளுக்காக ‘முக்தாங்கண்’ என்ற அறிவியல் கூடமும் இருக்கிறது. முக்தாங்கண் என்றால் திறந்த முற்றம்.

அர்விந்த் குப்தா என்பவர் பல ஆண்டுகள் இந்தக் கூடத்தில் வேலை பார்த்தார். அவர் கான்பூர் ஐ.ஐ.டி.யில் பொறியியல் படித்தவர். புனேயில் லாரி தயாரிக்கும் தொழிற்சாலையில் வேலை செய்தவர். 1978இல் மத்தியப் பிரதேசத்துக்குப் போனார். கிராமத்துப் பள்ளிகளில் அறிவியல் சொல்லித்தரும் திட்டத்தில் சேர்ந்தார். விலை உயர்ந்த கருவிகள் அங்கே இல்லை. தீக்குச்சி இருந்தது. சைக்கிள் வால்வு டியூப் இருந்தது. அவற்றைக் கொண்டே பாடம் சொல்லலாம் என்று அவர் கண்டார்.

பிறகு பழைய பொருள்களிலிருந்து நூற்றுக்கணக்கான விளையாட்டுப் பொருள்களை உருவாக்கினார். மெழுகுவத்திச் சூட்டில் ‘புட் புட்’ என்று ஓடும் படகும் அவற்றில் ஒன்று. திருவிழாக் கடைகளில் நாம் பார்த்த தகரப் படகுதான் அது. 2018இல் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது தந்தது.

புட் புட் படகு நீராவியால் ஓடுகிறது. நாம் செய்யப்போகும் இயந்திரம் வெறும் காற்றால் ஓடும். அதைச் சுடுகாற்று இயந்திரம் என்று சொல்லலாம்.

காற்று விரியும், காற்று சுருங்கும்

முதலில் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள்.

ஒரு காலிக் கண்ணாடிப் பாட்டிலை எடுங்கள். அதன் வாயில் ஒரு பலூனை மாட்டுங்கள். பாட்டிலை வெந்நீர் உள்ள பாத்திரத்தில் வையுங்கள். பலூன் மெல்ல எழுந்து நிற்கும். பாட்டிலை வெளியே எடுத்து ஆறவிடுங்கள். பிறகு குளிர்ந்த நீரில் வையுங்கள். பலூன் சுருங்கித் தொங்கும்.

பாட்டிலுக்குள் யாரும் ஊதவில்லை. உள்ளே இருந்த அதே காற்றுதான் சூட்டில் விரிந்தது. குளிரில் சுருங்கியது.

எவ்வளவு விரியும்? அதற்கும் கணக்கு உண்டு. 27 டிகிரி சூட்டில் 3 லிட்டர் காற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 127 டிகிரிக்குச் சூடாக்கினால் 4 லிட்டர் ஆகிவிடும். விரிய இடம் இல்லாவிட்டால், அடைத்திருக்கும் சுவரைத் தள்ளும். அந்தத் தள்ளுதல்தான் நம் இயந்திரத்தின் பலம்.

ஆனால் ஒரு தடவை தள்ளினால் போதாது. தள்ள வேண்டும், இழுக்க வேண்டும், மறுபடியும் தள்ள வேண்டும். காற்றைச் சூடாக்கிக் குளிர வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டிலைக் கையால் வெந்நீருக்கும் தண்ணீருக்கும் மாற்றிக்கொண்டே இருக்க முடியுமா? இயந்திரமே அதைச் செய்ய வேண்டும். அதற்கு வழி கண்டவர் ஒரு பாதிரியார்.

பாதிரியார் செய்த இயந்திரம்

அவர் பெயர் ராபர்ட் ஸ்டெர்லிங். ஸ்காட்லாந்து நாட்டுக்காரர். 1790இல் பிறந்தார். அவர் காலத்தில் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் நீராவி இயந்திரங்கள் ஓடின. நீராவியை ஒரு கொதிகலனில் அடைத்து வைக்க வேண்டும். அக்காலத்து இரும்பு அவ்வளவு உறுதியானது அல்ல. கொதிகலன்கள் வெடித்தன. பக்கத்தில் நின்ற தொழிலாளர்கள் செத்தார்கள். கை கால் இழந்தார்கள்.

1816இல் ஸ்டெர்லிங் தம் சுடுகாற்று இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதில் கொதிகலன் இல்லை. நீராவி இல்லை. தகடு சூட்டில் ஓட்டை விழுந்தால் காற்று வெளியே போகும். இயந்திரம் நின்றுவிடும். கொதிகலனைப் போல வெடித்துச் சிதறாது.

1818இல் இந்த வகை இயந்திரம் ஒரு கல் குவாரியில் தண்ணீர் இறைத்தது. அவருடைய தம்பி ஜேம்ஸ் ஒரு பொறியாளர். அவரும் இதில் உழைத்தார். 1843இல் டண்டீ நகரத்து வார்ப்பட ஆலையில் பெரிய இயந்திரம் ஒன்றை ஓட்டினார்கள். ஆனால் தீ படும் இரும்பு சில ஆண்டுகளில் தீய்ந்து போயிற்று. மாற்றினாலும் மறுபடி தீய்ந்தது. யோசனை நன்றாக இருந்தது. அதைத் தாங்கும் உலோகம் அப்போது இல்லை.

சின்ன இயந்திரங்கள் மட்டும் நன்றாக ஓடின. மின்சாரம் வராத காலத்தில் இந்தியாவில்கூட இந்த வகை விசிறிகள் இருந்தன. அடியில் மண்ணெண்ணெய் விளக்கு எரியும். அந்தச் சூட்டில் மேலே இருக்கும் விசிறி சுற்றும்.

இயந்திரத்தின் உள்ளே என்ன நடக்கிறது?

ஒரு மூடிய டப்பாவை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் அடியில் மெழுகுவத்தி எரிகிறது. அடிப்பக்கம் சூடு. மேல் பக்கத்தில் தண்ணீர் நிற்கிறது. அங்கே குளிர்ச்சி.

டப்பாவுக்குள் ஓர் உருளை தொங்குகிறது. அது சுவரைத் தொடாமல் மேலும் கீழும் போய் வரும். இதை உள் உருளை என்று சொல்வோம்.

உள் உருளை மேலே போனால், காற்று கீழே வந்துவிடும். அங்கே சூடாகி விரியும். பக்கத்தில் கட்டியிருக்கும் ரப்பர் தோலை வெளியே தள்ளும்.

உள் உருளை கீழே வந்தால், காற்று மேலே போய்விடும். அங்கே குளிர்ந்து சுருங்கும். ரப்பர் தோல் உள்ளே இழுக்கும்.

ரப்பர் தோல் ஒரு கம்பியைத் தள்ளி இழுக்கிறது. கம்பி ஒரு சக்கரத்தைச் சுற்றுகிறது. சக்கரம் சுற்றும்போது உள் உருளையைத் தூக்கி இறக்குகிறது. இப்படி ஒன்றை ஒன்று ஓட்டிக்கொள்கின்றன. உள் உருளை வேலை செய்வதில்லை. அது காற்றை இடம் மாற்றுகிறது. வேலை செய்வது காற்றுதான்.

தேவையான பொருள்கள்

1. ஒரே அளவான 2 இரும்புத் தகர டப்பாக்கள். கண்டென்ஸ்டு மில்க் டப்பா பொருத்தமானது. சுமார் 7 செ.மீ. அகலம், 8 செ.மீ. உயரம் இருக்கும்.
2. மெல்லிய இரும்பு நார். மரத்தைத் தேய்க்கப் பயன்படுவது. பெயிண்ட் கடையில் கிடைக்கும். பாத்திரம் தேய்க்கும் முரட்டுக் கம்பிச் சுருள் சரிவராது. அதன் வழியே காற்று எளிதில் ஓடிவிடும்.
3. முக்கால் அங்குல பிளாஸ்டிக் எல்போ ஒன்று. அதில் பொருந்தும் பைப் துண்டு ஒன்று.
4. ஒரு பலூன்.
5. பழைய சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி 2.
6. பழைய சி.டி. தட்டு 3.
7. தூண்டில் நரம்பு ஒரு முழம்.
8. சட்டைப் பொத்தான் 3.
9. தீர்ந்துபோன பால்பாயிண்ட் பேனாவும் ரீஃபிலும்.
10. எம்-சீல், கொஞ்சம் கிரீஸ், சோப்பு நீர், மெழுகுவத்தி.

கருவிகள்: தகரம் வெட்டும் கத்திரி, குறடு, அரம், ஆணி, சுத்தியல், அளவுகோல்.

முதலில் எச்சரிக்கை

கொசு மருந்து, வாசனை மருந்து அடிக்கும் ஸ்பிரே டப்பாவை எடுக்கவே கூடாது. அதைத் துளைத்தாலும் சூடாக்கினாலும் வெடிக்கும். பெயிண்ட், பூச்சி மருந்து இருந்த டப்பாவும் வேண்டாம்.

டப்பாவுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இருக்கக் கூடாது. தண்ணீர் கொதித்து நீராவியானால் 1,600 மடங்குக்கு மேல் விரியும். நமக்கு வேண்டியது காய்ந்த காற்று மட்டும். டப்பாவைக் கழுவி வெயிலில் நன்றாகக் காயவைக்க வேண்டும்.

வெட்டிய தகரம் கத்தி போன்றது. கைக்குத் தடித்த துணி சுற்றிக்கொள்ள வேண்டும். விளிம்பை அரத்தால் தேய்த்து மழுங்க வைக்க வேண்டும்.

செய்யும் முறை

1. கீழ் டப்பா: ஒரு டப்பாவின் மேல் மூடியை முழுவதும் வெட்டி எடுக்க வேண்டும். மேல் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே, பக்கச் சுவரில், பைப் துண்டு நுழையும் அளவுக்கு ஒரு துளை போட வேண்டும். பைப் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. சுவரோடு சமமாக நிற்க வேண்டும். சுற்றிலும் எம்-சீல் வைத்து அடைக்க வேண்டும். பைப்பின் வெளி முனையில் எல்போவை மாட்ட வேண்டும். எல்போவின் வாய் மேலே பார்க்க வேண்டும். அந்த மூட்டையும் அடைக்க வேண்டும்.

2. மேல் டப்பா: இரண்டாவது டப்பாவின் மூடியையும் வெட்டி எடுக்க வேண்டும். அடித்தகடு அப்படியே இருக்கட்டும். அதுதான் கீழ் டப்பாவுக்கு மூடி ஆகும். அடியிலிருந்து இரண்டு விரல் உயரம் சுவரை விட்டுவிட வேண்டும். அங்கே தண்ணீர் நிற்கும். அதற்கு மேலே இரண்டு பக்கமும் ஜன்னல் போல வெட்ட வேண்டும். கை உள்ளே போக அது உதவும். மற்ற இரண்டு பக்கங்களிலும் மேல் விளிம்பில் எதிர் எதிராக 1 செ.மீ. ஆழத்தில் காடி வெட்ட வேண்டும். அச்சுக் கம்பி அந்தக் காடியில் உட்காரும்.

3. நரம்பு போகும் வழி: மேல் டப்பாவின் அடித்தகட்டில் நடுவில் ஒரு துளை போட வேண்டும். பால்பாயிண்ட் பேனாவின் உடலிலிருந்து 3 செ.மீ. குழாய்த் துண்டு வெட்ட வேண்டும். அதைத் துளையில் நேராக நிறுத்தி அடைக்க வேண்டும். குழாயின் மேல் முனையில் ஒரு பொத்தானை ஒட்ட வேண்டும். பொத்தானின் கண்களை எம்-சீலால் மூடிவிட்டு, நடுவில் ஊசியால் ஒரே ஒரு சிறு துளை போட வேண்டும். தூண்டில் நரம்பு மட்டும் வழுக்கிப் போனால் போதும்.

4. உள் உருளை: இரும்பு நாரை இறுக்கிச் சுற்றி ஓர் உருளை செய்ய வேண்டும். உயரம் 5 செ.மீ. இருக்க வேண்டும். டப்பாவின் சுவருக்கும் உருளைக்கும் நடுவே சுற்றிலும் 2 மி.மீ. இடைவெளி வேண்டும். அடியில் ஒரு பொத்தானை வைத்து, நரம்பை நடு வழியாக மேலே கொண்டுவந்து முடிச்சுப் போட வேண்டும். நரம்பைப் பிடித்துத் தூக்கினால் உருளை சாயாமல் தொங்க வேண்டும்.

5. மூடுதல்: நரம்பைப் பேனாக் குழாய் வழியாகவும் பொத்தான் வழியாகவும் இழுக்க வேண்டும். உருளையைக் கீழ் டப்பாவுக்குள் இறக்கி, அதன்மேல் மேல் டப்பாவை உட்கார வைக்க வேண்டும். இரண்டும் சேரும் இடத்தைச் சுற்றிலும் எம்-சீல் வைத்து அடைக்க வேண்டும். ஒரு நாள் காய விட வேண்டும்.

6. கசிவு பார்த்தல்: பஞ்சர் பார்ப்பது போலத்தான் இதுவும். எல்லா மூட்டுகளிலும் சோப்பு நீர் தடவ வேண்டும். எல்போ வாயில் மெல்ல ஊத வேண்டும். எங்கே நுரை வருகிறதோ அங்கே கசிவு இருக்கிறது. அதை மீண்டும் அடைக்க வேண்டும். பொத்தான் துளையில் கொஞ்சம் கிரீஸ் தடவ வேண்டும்.

7. அச்சுக் கம்பி: ஸ்போக்ஸ் கம்பியில் முதலில் ரீஃபில் குழாய்த் துண்டுகள் இரண்டைக் கோர்க்க வேண்டும். பிறகு குறடால் வளைக்க வேண்டும். கம்பியில் இரண்டு வளைவுகள் வேண்டும். மெக்கானிக்குகள் இதைக் கிராங்க் என்பார்கள். நடு வளைவு டப்பாவின் நடுவில் வரும். அதன் உயரம் 1 செ.மீ. வெளி வளைவு எல்போவுக்கு மேலே வரும். அதன் உயரம் அரை செ.மீ. நடு வளைவு மேலே பார்த்தால், வெளி வளைவு பக்கவாட்டில் பார்க்க வேண்டும். கடிகாரத்தில் 12 மணிக்கும் 3 மணிக்கும் உள்ள வித்தியாசம் அது. இதுதான் முக்கியமான அளவு. ஒவ்வொரு வளைவின் மேலும் ஒரு ரீஃபில் துண்டு தளர்வாகச் சுற்ற வேண்டும்.

8. சக்கரம்: கம்பியின் மறுமுனையில் 3 சி.டி. தட்டுகளைச் சேர்த்து ஒட்ட வேண்டும். ஆட்டம் இல்லாமல் சுற்ற வேண்டும். இது ஃப்ளைவீல். ஒரு தடவை கிடைத்த தள்ளுதலைச் சேமித்து, அடுத்த தள்ளுதல் வரும்வரை சுற்றிக்கொண்டிருக்கும்.

9. ரப்பர் தோல்: பலூனை வெட்டி எல்போ வாயில் கட்ட வேண்டும். மத்தளம் போல இறுக்கக் கூடாது. நடுவில் அரை செ.மீ. மேலும் கீழும் போகும்படி தளர்த்திக் கட்ட வேண்டும். நடுவில் மூன்றாவது பொத்தானை ஒட்டி, மிச்சமுள்ள ஸ்போக்ஸ் துண்டால் வெளி வளைவோடு இணைக்க வேண்டும். நரம்பை நடு வளைவோடு இணைக்க வேண்டும். வளைவு உச்சியில் இருக்கும்போது உள் உருளை மூடியைத் தொடக் கூடாது. வளைவு அடியில் இருக்கும்போது டப்பாவின் அடியைத் தொடக் கூடாது. இரண்டு பக்கமும் அரை செ.மீ. இடம் இருந்தால் நல்லது.

10. அச்சுக் கம்பி காடியை விட்டு எழாமல் இருக்க, காடிகளின் மேல் ஒரு துண்டுக் கம்பியைக் கட்டிவிடலாம்.

ஓட்டிப் பார்த்தல்

மூன்று செங்கல் வைத்து இயந்திரத்தை அதன்மேல் உறுதியாக உட்கார வைக்க வேண்டும். மெழுகுவத்திச் சுடர் டப்பாவின் அடியில் நடுவில் பட வேண்டும். பிளாஸ்டிக் பைப் பக்கம் தீ போகக் கூடாது. மேல் டப்பாவில் 2 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். பேனாக் குழாயின் தலை தண்ணீருக்கு மேலே இருக்க வேண்டும்.

சில நிமிடங்கள் பொறுக்க வேண்டும். பிறகு சக்கரத்தை விரலால் மெல்லச் சுண்டிவிட வேண்டும். ஒரு திசையில் உடனே நின்றுவிடும். மறு திசையில் சுண்டினால் சுற்றத் தொடங்கும். சுடுகாற்று இயந்திரம் தானாகப் புறப்படாது. சுண்டிவிட்டால்தான் ஓடும்.

ஓடவில்லையா?

முதல் நாளே ஓடினால் ஆச்சரியம். பலருக்கும் ஓடாது. அதனால் கவலைப்பட வேண்டாம். காரணம் நான்கில் ஒன்றாக இருக்கும்.

கசிவு: காற்று வெளியேறினால் பலம் போய்விடும். சோப்பு நீரை மறுபடி தடவிப் பாருங்கள்.

உராய்வு: நரம்பையும் பொத்தான் கம்பியையும் கழற்றிவிட்டுச் சக்கரத்தை மட்டும் சுற்றுங்கள். உடனே நின்றால் காடியில் தடை இருக்கிறது. அரத்தால் தேய்த்து ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். உள் உருளை சுவரில் தேய்ந்தாலும் ஓடாது. காதை வைத்துக் கேட்டால் தெரியும்.

பாரம்: சக்கரம் எப்போதும் ஒரே இடத்தில் வந்து நின்றால், அந்தப் பக்கம் கனம் அதிகம். எதிர்ப் பக்கம் சி.டி.யில் கொஞ்சம் எம்-சீல் ஒட்டிச் சமன் செய்யுங்கள்.

குளிர்ச்சி: கொஞ்ச நேரம் ஓடி நின்றால், மேலே உள்ள தண்ணீரைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் மாற்றுங்கள். குளிர்ந்த தண்ணீர் ஊற்றியதும் இயந்திரம் மறுபடியும் ஓடும்.

இந்த நான்காவது காரணம் ஒரு பெரிய உண்மையைச் சொல்கிறது. மெழுகுவத்தி எரிந்துகொண்டேதான் இருந்தது. சூடு குறையவில்லை. ஆனாலும் இயந்திரம் நின்றது. ஏன்? மேலேயும் சூடு, கீழேயும் சூடு. வித்தியாசம் இல்லை. வித்தியாசம் இல்லாவிட்டால் வேலை இல்லை. மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் ஓடினால்தான் ஆலைச் சக்கரம் சுற்றும். அதுபோலச் சூட்டிலிருந்து குளிருக்கு வெப்பம் ஓடினால்தான் இயந்திரம் ஓடும்.

எவ்வளவு வேலை செய்யும்?

ஒரு மெழுகுவத்தி சுமார் 80 வாட் வெப்பம் தருகிறது. கூரையில் மாட்டும் மின்விசிறி ஒன்றுக்கு ஏறக்குறைய அவ்வளவு மின்சாரம்தான் தேவை. அப்படியானால் இந்த டப்பா இயந்திரம் மின்விசிறியைச் சுற்றுமா? சுற்றாது. 1 வாட்கூடக் கிடைக்காது. மிச்ச வெப்பம் வெளிக்காற்றிலும் தகரத்திலும் தண்ணீரிலும் போய்விடுகிறது.

மிக நேர்த்தியாகச் செய்தாலும் ஓர் எல்லை உண்டு. சூடான பக்கம் 127 டிகிரி, குளிர்ந்த பக்கம் 27 டிகிரி என்றால், 100 பங்கு வெப்பத்தில் 25 பங்குக்கு மேல் வேலையாக மாறாது. எந்தப் பொறியாளராலும் இதைத் தாண்ட முடியாது. இது இயற்கை போட்ட கணக்கு.

இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்வது நம் பணத்தைக் காப்பாற்றும். ‘எரிபொருளே வேண்டாம், தானாக ஓடும் இயந்திரம், பணம் போடுங்கள்’ என்று அவ்வப்போது சிலர் வருவார்கள். 1996இல் தமிழ்நாட்டில் மூலிகையும் தண்ணீரும் சேர்த்தால் பெட்ரோல் ஆகும் என்று ஒரு செய்தி பரவியது. பலர் நம்பினார்கள். பணம் போட்டவர்களும் உண்டு. வழக்கு நடந்தது. 2016இல் சென்னை நீதிமன்றம் அது மோசடி என்று தண்டனை வழங்கியது.

டப்பா இயந்திரத்தைச் சொந்தக் கையால் செய்தவர் இப்படிப்பட்ட பேச்சில் மயங்க மாட்டார். ‘வெப்பம் எங்கிருந்து வருகிறது? எங்கே போகிறது? நாங்கள் பக்கத்தில் வந்து பார்க்கலாமா?’ என்று கேட்பார். இந்த மூன்று கேள்விகளுக்கு நேரான பதில் வராவிட்டால் பணம் தரக் கூடாது.

உமியால் ஓடிய இயந்திரம்

ஔந்துக்கு அருகே கட்கி என்ற இடம் இருக்கிறது. அங்கே 1946இல் கிர்லோஸ்கர் ஆயில் என்ஜின் நிறுவனம் தொடங்கியது. அந்த என்ஜின் தமிழ்நாட்டு விவசாயிகளுக்கும் பழக்கமானது. எத்தனையோ கிணறுகளில் அது தண்ணீர் இறைத்திருக்கிறது. அதில் டீசல் சிலிண்டருக்குள்ளே எரிகிறது. அதனால் சுத்தமான எண்ணெய் வேண்டும்.

சுடுகாற்று இயந்திரத்தில் தீ வெளியே எரிகிறது. அதனால் எது எரிந்தாலும் சரி. விறகு, வறட்டி, உமி, வெயில்கூடப் போதும். இதை எண்ணித்தான் 1980களில் வங்கதேசத்தில் உமியை எரித்து ஓட்டும் சுடுகாற்று இயந்திரங்களைச் செய்து சோதித்தார்கள். அவை சுமார் 5 குதிரைத்திறன் கொண்டவை. சென்னையிலும் அப்படிப்பட்ட இயந்திரங்கள் தயாராயின.

ஆனால் அவை ஊர் ஊராகப் பரவவில்லை. ஒரே அளவு பலத்துக்கு டீசல் என்ஜினைவிட இவை கனமானவை. சூடு தாங்கும் நல்ல உலோகம் வேண்டும். காற்று கசியாத மூட்டுகள் வேண்டும். அன்று ஸ்டெர்லிங்குக்கு வந்த அதே சிக்கல்தான். டப்பா இயந்திரத்தில் நாம் சோப்பு நீர் தடவித் தேடிய கசிவை, பெரிய ஆலைகளும் தேடித்தான் ஆகவேண்டும்.

சைக்கிள் கடைக்காரருக்குக் கம்பியை வளைக்கத் தெரியும். குழாய் வேலை செய்பவருக்குக் கசிவை அடைக்கத் தெரியும். தகரக் கொல்லருக்கு விளிம்பை மடிக்கத் தெரியும். குப்பை பிரிக்கும் அம்மாவுக்கு எது இரும்பு, எது அலுமினியம் என்று தெரியும். நான்கு பேரும் ஒன்றாக உட்கார்ந்தால் இந்த இயந்திரம் ஓடும். செய்முறையைப் படித்துச் சொல்ல ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இருக்கலாம்.

சொல்லும் பொருளும்

காப்புரிமை – புதிதாகக் கண்டுபிடித்தவருக்கு அரசு தரும் உரிமை
கொதிகலன் – தண்ணீரைக் கொதிக்க வைத்து நீராவியை அடைக்கும் பெரிய பாத்திரம்
உராய்வு – ஒன்றோடு ஒன்று தேய்வதால் வரும் தடை
காடி – வெட்டிய பள்ளம்
குதிரைத்திறன் – இயந்திரத்தின் பலத்தை அளக்கும் அளவு

கேள்விகள்

1. டப்பா இரும்புத் தகரமா, அலுமினியமா என்று எப்படிக் கண்டுபிடிக்கலாம்?
2. உள் உருளை மேலே போகும்போது காற்று எங்கே போகிறது? அப்போது என்ன நடக்கிறது?
3. டப்பாவுக்குள் தண்ணீர் ஏன் இருக்கக் கூடாது?
4. மெழுகுவத்தி எரிந்தாலும் இயந்திரம் நின்றுபோவது ஏன்?
5. ‘எரிபொருள் வேண்டாத இயந்திரம்’ என்று ஒருவர் பணம் கேட்டால், அவரிடம் என்ன என்ன கேட்பீர்கள்?

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டுக் குப்பையில் ஒரு வாரம் சேரும் டப்பாக்களை எடுத்து வையுங்கள். காந்தம் வைத்து இரண்டு குவியலாகப் பிரியுங்கள். ஒவ்வொரு குவியலிலும் எத்தனை இருக்கிறது என்று எண்ணி எழுதுங்கள். பழைய பொருள் கடையில் இரண்டுக்கும் என்ன விலை என்று கேட்டு, அதையும் பக்கத்தில் எழுதுங்கள்.